‘ரெண்டு நாளா போகலை’ என்பதை யாரிடம் சொல்வது? கர்ப்பகால மலச்சிக்கலும் பீரோவுக்குள் தூங்கும் இரும்புச்சத்து மாத்திரையும்

திருவிடந்தைக்கு இரண்டு முறை போக வேண்டும் என்பார்கள். கல்யாணம் கூடி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ள ஒருமுறை. கூடி வந்த பிறகு, அன்று கழுத்தில் போட்டுக்கொண்ட மாலையைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு ஜோடியாக இன்னொரு முறை. கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற ஈ.சி.ஆரில், நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் எந்த நாள் போனாலும் இந்த இரண்டு வகையினரையும் பார்க்கலாம். காலவ முனிவரின் 360 பெண்களை நாளைக்கு ஒருவராக மணந்து, கடைசியில் அத்தனை பேரையும் ஒரே தாயாராக்கி இடப்பக்கம் அமர்த்திக்கொண்டார் பெருமாள் என்பது தலபுராணம். திரு, இட, எந்தை... ஊர்ப் பெயரே அப்படி வந்ததுதான் என்கிறார்கள்.

மாலையைச் சேர்த்துவிட்டு ஊர் திரும்பும் புதுப்பெண்களில் பலர், அடுத்த ஓரிரு வருடத்துக்குள் தாய்-சேய் நல அட்டையோடு ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. குறிப்பாக, அவர்கள் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயத்தைப் பற்றியது.

‘வாந்தி நின்னுச்சா? புளிப்பு கேக்குதா? பிள்ளை நல்லா அசையுதா?’ இதையெல்லாம் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோரும் கேட்பார்கள். ‘வெளிக்கு ஒழுங்காப் போகுதா?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், மாமனார் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது அதற்குப் பதில் சொல்ல எந்த மருமகளுக்கு வாய் வரும்? வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போன பிறகுதான் பேச்சு வெளியே வரும். ஏழு, எட்டு மாதம் ஆகியிருக்கும். மலச்சிக்கலாக இருந்தது அதற்குள் மூலமாக மாறியிருக்கும்.

கர்ப்பிணிகளில் 100-க்கு 11 பேர் முதல் 38 பேர் வரை மலச்சிக்கலால் அவதிப்படுகிறார்கள் என்று பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. வாரத்துக்கு மூன்று முறைக்கும் குறைவாகப் போவது மட்டும்தான் மலச்சிக்கல் என்று நினைக்க வேண்டாம். தினமும் போனாலும் கல் மாதிரி இறுகிப் போவது, முக்கி முக்கிப் போவது, போய்விட்டு வந்தும் முழுசாகப் போன திருப்தி இல்லாதது... இவையும் மலச்சிக்கல்தான்.

குடலுக்கும் கேட்டுவிடும் உத்தரவு

கர்ப்பம் தரித்ததும் புரோஜெஸ்ட்டிரான் என்ற ஹார்மோன் உடம்பில் ஏகமாக உயர்கிறது. கர்ப்பப்பைத் தசை சுருங்கிவிடாமல், தளர்வாக, பிள்ளையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள அது வேண்டும். குடலின் சுவரில் இருப்பதும் அதே வகைத் தசைதான். ‘சும்மா இரு’ என்று கர்ப்பப்பைக்குப் போட்ட உத்தரவு குடலுக்கும் கேட்டுவிடுகிறது. அது மெதுவாக நகர்கிறது. மலம் பெருங்குடலில் தங்கும் நேரம் கூடக்கூட, அதிலிருந்து உறிஞ்சப்படும் தண்ணீரும் கூடுகிறது. வெளியே வரும்போது அது இறுகிப்போயிருக்கிறது.

இது எல்லாக் கர்ப்பிணிக்கும் பொது. இதற்கு மேல் மற்றவை வந்து சேர்கின்றன. முதல் மூன்று மாதம் மசக்கையில் ரஸ்க்கும் பிரெட்டும் பிஸ்கட்டும்தான் உள்ளே போகும்; குடித்த தண்ணீர் வாந்தியாக வந்துவிடும். கடைசி மூன்று மாதம் வளர்ந்த கர்ப்பப்பை மலக்குடலை அழுத்தும். நடுவில், ‘குனியாதே, நிமிராதே, மாடிப்படி ஏறாதே’ என்று வீட்டார் அன்பாகப் போடும் தடையில் நடையும் நின்றுவிடும். செங்கல்பட்டுக் கடற்கரை ஊர்களில் சித்திரை, வைகாசி வெயிலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். காற்றில் ஈரம் இருப்பதால் வியர்த்துக்கொண்டே இருக்கும். உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதே தெரியாது.

ஒரு பயத்தை இங்கேயே போக்கிவிடலாம். முக்கினால் கரு கலைந்துவிடும், பிள்ளை இறங்கிவிடும் என்று நினைத்து முதல் மூன்று மாதத்தில் கழிவறைக்குப் போகவே நடுங்குகிற பெண்கள் உண்டு. கழிவறையில் முக்குவதால் கரு கலையாது. ஆனால் முக்கினால் மூலம் வரும், ஆசனவாயில் வெடிப்பு வரும், ரத்தம் வரும். அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மறுபடியும் பயம் வரும். முக்காமல் இருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சாப்பிடாத ஒன்று, சாப்பிடாத இரண்டாகும் கதை

இத்தனை காரணங்கள் போதாது என்று நான்காம் மாதத்தில் இன்னொன்று வந்து சேரும். அரசு மருத்துவமனையில் தரும் சிவப்பு நிற மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. நான்காம் மாதம் தொடங்கி தினம் ஒன்று வீதம் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள் என்பது மத்திய அரசின் ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டத்தின் கணக்கு. கூடவே சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் உண்டு.

விழுங்குகிற இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மீதி குடலில் தங்கி மலத்தோடு வெளியேறும். அதனால்தான் மாத்திரை ஆரம்பித்ததும் மலம் கறுப்பாகிறது. இது நோய் இல்லை, மாத்திரை உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம். ஆனால் பலருக்குக் கறுப்போடு இறுக்கமும் சேர்ந்து வருகிறது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் தன் பங்குக்கு இறுக்கும்.

பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி. நான்கு நாள் போட்டுப் பார்ப்பார். ஐந்தாம் நாள் கழிவறையில் கண்ணீர் வரும். ஆறாம் நாள் மாத்திரை அட்டை பீரோவுக்குள் புடவைக்கு அடியில் போய்விடும். அதற்குத் துணையாக ஊர்ப் பேச்சும் உண்டு: ‘அந்த மாத்திரையைத் தின்னா பிள்ளை கறுப்பாப் பொறக்கும்’, ‘தலை பெருசாகி சிசேரியன் ஆயிடும்’. இரண்டுமே உண்மை இல்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அடுத்த மாதம் செவிலியர் கேட்பார்: ‘மாத்திரை சாப்பிடுறியாம்மா?’

‘சாப்பிடுறேன் சிஸ்டர்.’

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9 என்று வரும். கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை. ஒரு மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்று நினைக்கும் மருத்துவர், திட்டப்படி தினம் இரண்டாக எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். இப்போது வீட்டில் சாப்பிடாத மாத்திரை ஒன்றுக்கு இரண்டாகிவிட்டது. பீரோவில் அட்டைகள் சேர்கின்றன, ரத்தம் சேரவில்லை.

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்ப காலத்தில் இரும்புச்சத்து மாத்திரையை 100 நாளாவது சாப்பிட்டவர்கள் 44.1 சதவிகிதம், 180 நாள் சாப்பிட்டவர்கள் 26 சதவிகிதம். நிறுத்தியதற்கெல்லாம் மலச்சிக்கல்தான் காரணம் என்று சொல்ல முடியாது. குமட்டல், மறதி, மாத்திரை கிடைக்காதது என்று பல உண்டு. ஆனால் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிற காரணம் இது ஒன்றுதான். அதே ஆய்வில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. முந்தைய ஆய்வில் 44.4 ஆக இருந்தது குறையவில்லை, ஏறியிருக்கிறது.

ஏன் இவ்வளவு கவலை? பிரசவ மரணத்தைக் குறைத்ததில் தமிழ்நாடு நல்ல பெயர் எடுத்த மாநிலம். 2018-20 கணக்கில், 1 லட்சம் குழந்தைகள் பிறக்கும்போது இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள் என்றால், தமிழ்நாட்டில் அது 54. அந்த 54-ஐயும் குறைக்க வேண்டும் என்றால் முக்கியமான எதிரி, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. சுகப்பிரசவத்தில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனால் அதை ஆபத்தான ரத்தப்போக்கு என்கிறார்கள். ஹீமோகுளோபின் 12 இருக்கும் பெண்ணின் உடம்பு அதைச் சமாளித்துக்கொண்டு எழுந்துவிடும். 7 இருப்பவருக்குக் கையிருப்பே இல்லை. கழிவறையில் ஆரம்பித்த கூச்சம், பிரசவ அறையில் போய் நிற்கும் இடம் இதுதான்.

ஆகவே, சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: ‘சிஸ்டர், மாத்திரை போட்டா வெளிக்குப் போக முடியலை, அதனால நிறுத்திட்டேன்.’ கிராம சுகாதார செவிலியர்கள் இதை ஆயிரம் முறை கேட்டவர்கள். எதிரே நான்கு பேர் உட்கார்ந்திருந்தால், ‘தனியா ஒரு நிமிஷம்’ என்று கேட்டுச் சொல்லலாம். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென்று சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. அன்று மருத்துவரிடமே சொல்லலாம். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், 104-க்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.

சொன்னால் என்ன செய்வார்கள்? சாப்பிடும் நேரத்தை மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். வேறு வகை இரும்புச்சத்து மாத்திரையோ சிரப்போ தருவார்கள். மலத்தை இளக்கும் மருந்தைக் கூடவே எழுதுவார்கள். எதுவுமே ஒத்துக்கொள்ளவில்லை, ரத்தமும் குறைவு என்றால், முதல் மூன்று மாதம் தாண்டியவர்களுக்கு மருத்துவமனையில் வைத்து ஊசி வழியாக, டிரிப்ஸில் இரும்புச்சத்து ஏற்றுகிறார்கள். அது குடல் பக்கமே போகாது. இத்தனை வழிகளும், உண்மையைச் சொன்னவருக்குத்தான் திறக்கும்.

‘ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலே போதுமாம்’, ‘வாரத்துக்கு ஒன்று போதுமாம்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். முழுப் பொய் இல்லை. வாரம் ஒருமுறை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஆனால் அதன் நிபந்தனை, கர்ப்பிணிகளில் 20 சதவிகிதத்துக்கும் குறைவானவர்களுக்கே ரத்தசோகை இருக்கிற பகுதியாக இருக்க வேண்டும் என்பது. நம்முடையது 48. எனவே அந்த முடிவை நாமாக எடுக்கக் கூடாது.

மாத்திரையை எப்போது, எதனோடு?

இரும்பும் சுண்ணாம்பும் ஒன்றுக்கொன்று ஆகாது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சேராது, மலம் மட்டும் இறுகும். அதேபோல டீ, காபி, பாலோடும் இரும்பு மாத்திரை கூடாது. மாலை டீக்கு முன்னால் போடுவது நம் வீடுகளில் ரொம்ப சகஜம். அந்த மாத்திரை வீண்தான். ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போவதற்கு முன் போட்டால் குமட்டல் பலருக்குத் தெரிவதில்லை. கூட எலுமிச்சைச் சாறோ, ஒரு நெல்லிக்காயோ, கொய்யாத் துண்டோ இருந்தால் நல்லது. வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துக்கொள்ள உதவும். கொய்யாவில் நார்ச்சத்தும் உண்டு என்பதால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

தட்டில் என்ன இருக்கிறது?

கடற்கரைச் சாப்பாட்டில் சத்துக்குப் பஞ்சமில்லை. வெள்ளைச் சோறு, மீன் குழம்பு, வறுத்த மீன். புரதம் இருக்கிறது, சுவை இருக்கிறது. நார்ச்சத்துதான் இல்லை. மீனில் நார்ச்சத்து கிடையாது. தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு 3 கிராம்கூடத் தேறாது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை நார்ச்சத்து வேண்டும். மீனை விட வேண்டாம். அதன் பக்கத்தில் ஒரு கீரைப் பொரியலுக்கு இடம் கொடுங்கள்.

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. கம்பிலும் அதே அளவு. முழுப் பாசிப்பயறில் 17 கிராம். காலையில் இட்லிக்குப் பதிலாக வாரத்தில் மூன்று நாள் கேழ்வரகு அடையோ கம்பங்கூழோ, மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் பயறு சுண்டல், இடையில் ஒரு கொய்யா, மதியம் முருங்கைக்கீரை, அவரை, வாழைத்தண்டு என்று ஏதாவது ஒன்று. இவ்வளவு செய்தாலே கணக்கு நெருங்கிவிடும். தனியாகச் செலவு செய்து எதையும் வாங்க வேண்டியதில்லை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவையும் வீட்டில் குழந்தைகளுக்குப் பங்கு வைத்துவிடாமல் கர்ப்பிணியே சாப்பிட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் இருக்கும். தினம் மூன்று, நான்கு சாப்பிடலாம். கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் பேரீச்சம்பழத்தையும் ஜூஸையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

நார்ச்சத்தை ஒரே நாளில் கூட்டக் கூடாது. வயிறு உப்பிக்கொள்ளும், ‘இதுக்கு முன்னாடியே பரவாயில்லை’ என்று தோன்றிவிடும். ஒரு வாரம், பத்து நாளில் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கூடவே தண்ணீரும் வேண்டும். தண்ணீர் இல்லாத நார்ச்சத்து, காய்ந்த வைக்கோல் மாதிரி அடைத்துக்கொள்ளும். நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் என்பது பொதுக் கணக்கு. வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஈ.சி.ஆர் ஓரத்தில் கோடையில் குவிந்து கிடக்கும் தர்பூசணியும் நுங்கும் இளநீரும் இதற்காகவே வந்த மாதிரிதான். ஆனால் தர்பூசணியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். நார்ச்சத்து என்று நினைத்து அதை மட்டும் நம்ப வேண்டாம். வெட்டி வைத்து ஈ மொய்ப்பதை வாங்காமல், கண் முன்னால் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

பப்பாளி? இந்தப் பேச்சை எடுத்தாலே வீடு இரண்டாகிவிடும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2002-ல் எலிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பழுத்த பப்பாளி கர்ப்பத்தைப் பாதிக்கவில்லை. காயிலும் அரைப்பழத்திலும் இருக்கும் பால்தான் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்தது. அதாவது, பாட்டி சொன்னதில் பாதி சரி. நன்கு பழுத்தது தீங்கு செய்யாது என்றாலும், மாமியாரோடு சண்டை போட்டுத்தான் பப்பாளி சாப்பிட வேண்டும் என்றில்லை. அதே வேலையைச் செய்யக் கொய்யாவும் ஊறவைத்த உலர் திராட்சையும் இருக்கின்றன.

காலையில் கழிவறை யாருக்கு முதலில்?

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இதைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும். காலை எழுந்து ஏதாவது சாப்பிட்ட பிறகு வரும் உந்துதல்தான் அந்த நாளின் மிகச் சிறந்த நேரம். அதைத் தள்ளிப்போட்டால் மலக்குடல் கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடும். நாள்தோறும் தள்ளிப்போட்டால், கூப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும்.

ஒரே கழிவறை இருக்கும் கூட்டுக்குடும்பத்தில் அந்த நேரம் யாருக்குக் கிடைக்கிறது? வேலைக்குக் கிளம்பும் ஆண்களுக்கு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு. மருமகள் அடுப்படியில் நிற்பாள். எல்லோரும் கிளம்பி, பாத்திரம் கழுவி, அவள் உள்ளே போகும்போது மணி பத்தரை. உந்துதல் போயே போய்விட்டது. ஐ.டி. கம்பெனிக்கும் ரிசார்ட்டுக்கும் வேலைக்குப் போகிற பெண்களுக்கோ, ஏழு மணி பஸ். இறங்கிய இடத்தில் போகலாம் என்று அடக்கிக்கொள்வார்கள். அங்கே போனால் சுத்தமாக இல்லை என்று மறுபடி அடக்கிக்கொள்வார்கள். வீட்டில் கழிவறையே இல்லாமல் இருட்டுக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கு, பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதே பழக்கமாகிவிடுகிறது. கோயில் குளம் என்று போகிற நாளிலும் இதே கதைதான்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில், காலையில் கழிவறை அவளுக்குத்தான் முதலில். இதைக் கணவர் சொன்னால் வீட்டில் நடக்கும். குங்குமப்பூ வாங்கித் தருவதைவிட இது உபயோகமானது, செலவும் இல்லை.

உட்காரும் விதத்துக்கும் பங்கு உண்டு. குத்தவைத்து உட்காரும்போது மலக்குடல் நேராகிறது, முக்க வேண்டிய தேவை குறைகிறது. இந்தியன் டாய்லெட் இருந்தால் சௌகரியமாக இருக்கும்வரை பயன்படுத்தலாம். கடைசி மாதங்களில் பிடித்துக்கொள்ள சுவரில் ஒரு கம்பி இருந்தால் பாதுகாப்பு. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே முக்கால் அடி உயரத்தில் ஒரு சின்ன ஸ்டூலைப் போட்டு, முழங்காலை உயர்த்தி, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காரலாம். பத்து நிமிடத்தில் வரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். போனை உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூலம்தான் மிச்சம். மருத்துவர் ஓய்வு சொல்லாதவரை, காலையும் மாலையும் இருபது நிமிட நடை குடலையும் நடக்க வைக்கும்.

நாட்டு மருந்துக் கடைக்குப் போகும் முன்

‘ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் குடி, சரியாயிடும்’ என்பது பல வீடுகளில் முதல் வைத்தியம். கர்ப்பிணிக்கு இது வேண்டவே வேண்டாம். விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம், குடல் தசையை எந்த வழியில் தூண்டுகிறதோ, அதே வழியில் கர்ப்பப்பைத் தசையையும் தூண்டுகிறது என்று 2012-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பிரசவ வலி வர வைக்க அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் கொடுத்ததன் ரகசியம் அதுதான். அந்தக் காலத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அதை ஐந்தாம் மாதத்தில் கொடுக்க யாரும் சொல்லவில்லை.

நிலாவரைச் சூரணம், கடுக்காய்ப் பொடி, கற்றாழை ஆகியவற்றையும் நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. நிலாவரை நம் தென்மாவட்டத்துப் பயிர்தான். உலகச் சந்தையில் ‘டின்னவெல்லி சென்னா’ என்று திருநெல்வேலி பெயரிலேயே விற்கிறது. ஆங்கில மருத்துவர்களும் சில சமயம் அதைக் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு எழுதுகிறார்கள். எழுதித் தருவது வேறு, ‘மூலிகைதானே’ என்று ஸ்பூன் கணக்கில் விழுங்குவது வேறு.

சாப்பாட்டை மாற்றியும் சரியாகவில்லை என்றால் கோதுமைத் தவிடோ வேறு நார்ச்சத்துப் பொருளோ சேர்க்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொன்ன வழி. இசப்கோல் அந்த வகை. ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். அடுத்த கட்டமாக லாக்டுலோஸ் சிரப் போன்ற மருந்துகள். இவை ரத்தத்தில் பெரிதாகக் கலப்பதில்லை. குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்குகின்றன. எது, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும். இந்த விஷயத்தில் உலகம் எவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு: கர்ப்பகால மலச்சிக்கலுக்கான சிகிச்சைகளைப் பற்றி 2015-ல் காக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைத் தேடித் தொகுத்தபோது, பயன்படுத்தக்கூடிய தகவல் கிடைத்தது இரண்டே ஆய்வுகளில். அவற்றில் இருந்த பெண்கள் மொத்தம் 180 பேர்!

மலச்சிக்கலோடு உடம்பு அசதி, குளிர் தாங்காமை, முகம் வீங்கியது போன்ற தோற்றம் எல்லாம் சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குடல் மந்தமாகும்.

வலி எது, வாதை எது?

வயிறு உப்பி, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் வீட்டில் காத்திருக்கக் கூடாது. ரத்தம் வந்தால், அது முன்புறமா பின்புறமா என்று சந்தேகமாக இருந்தாலே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ‘மூலமாத்தான் இருக்கும்’ என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

அதைவிட முக்கியமானது ஒன்று. விட்டு விட்டு, ஒழுங்கான இடைவெளியில் வந்து, வரவரக் கூடுகிற வயிற்றுவலியை மலச்சிக்கல் வலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது பிரசவ வலியாக இருக்கலாம். ஏழாம், எட்டாம் மாதம் என்றால் குறைப்பிரசவத்தின் ஆரம்பமாக இருக்கலாம். ஒன்பதாம் மாதத்தில், ‘ரெண்டு நாளா வராதது இப்ப அவசரமா வருது’ என்று திடீரெனத் தோன்றினால், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கழிவறையில் உட்கார வேண்டாம். பிள்ளையின் தலை இறங்கி மலக்குடலை அழுத்தும்போது வரும் உணர்வும் அச்சு அசலாக அதே மாதிரிதான் இருக்கும். கழிவறையில் பிறந்த குழந்தை என்று அவ்வப்போது செய்தியில் படிக்கிறோமே, அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்தக் குழப்பம்தான். வலியும் கூடவே இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். போய்ப் பார்த்து வெறும் மலச்சிக்கல் என்று தெரிந்தால் யாரும் சிரிக்கப்போவதில்லை.

பிரசவ மேஜையில் முக்கும்போது மலம் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே சரியாக முக்காமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். வரும். பலருக்கும் வரும். தலை கீழே இறங்கும்போது வழியில் இருப்பது வெளியே தள்ளப்படத்தான் செய்யும். பிரசவ அறைச் செவிலியர்களுக்கு அது துடைத்துப் போடுகிற விஷயம். சரியான இடத்தில் முக்குகிறார் என்பதற்கு அடையாளமும்கூட. முன்பெல்லாம் பிரசவத்துக்கு வந்ததும் எனிமா கொடுப்பது வழக்கமாக இருந்தது. அதனால் பெரிய பலன் இல்லை என்று தெரிந்து, எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம் என்று இப்போது சொல்கிறார்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

பிள்ளை பிறந்ததும் பிரச்னை தீர்ந்துவிடும் என்று நினைத்தால், பத்தியம் வந்து நிற்கும். தண்ணீர் குடித்தால் வயிறு போடும், காய்கறி பிள்ளைக்கு ஆகாது, கீரை சளி பிடிக்கும் என்று சொல்லிப் பூண்டுக் குழம்பும் சோறும் மட்டும் போடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கடலோரத்தில் பால் ஊற வேண்டும் என்று சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள். நல்ல புரதம், மணமாகவும் இருக்கும், ஆனால் சுறாவில் பாதரசம் அதிகம் என்பதால் பால் கொடுக்கும் தாய் அதைத் தவிர்ப்பதே நல்லது. பால் கொடுக்கும் தாய்க்கு முன்பைவிட அதிகத் தண்ணீரும் வேண்டும். தண்ணீரைக் குறைத்து, காயைக் குறைத்தால், தையல் போட்ட இடத்தில் வலியோடு கல் மாதிரி மலத்தை முக்க வேண்டிய நிலை வரும். தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து மூன்று நாள், நான்கு நாள் அடக்கி வைப்பார்கள். அடக்க அடக்க இறுகும்.

தையல் அப்படிச் சுலபத்தில் பிரியாது. போகும்போது ஒரு சுத்தமான துணியை முன்பக்கம் தையல் மேல் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் தைரியமாக இருக்கும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, மலத்தை இளக்கும் மருந்து வேண்டுமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொறுக்கிற சூட்டில் வெந்நீரைப் பெரிய டப்பில் ஊற்றிப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் மூல வலி குறையும். கர்ப்பத்தில் வந்த மூலம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சுருங்கிவிடும். சுருங்கவில்லை என்றால், தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப் போகிற அன்றே அம்மாவும் காட்டிக்கொள்ளலாம். ஆறாவது வாரத்தில் முதல் தவணை ஊசிக்கு எப்படியும் போகத்தானே வேண்டும். சிவப்பு மாத்திரைக்கு இன்னும் 180 நாள் இருக்கிறது என்பதையும், போன முறை அது ஏன் பீரோவுக்குள் போனது என்பதையும் அன்றைக்கு அங்கேயே சொல்லிவிடலாம்.